அங்குலத்துக்கு நாற்பத்தெட்டு

ஜனவரி 2, வியாழன்

கம்பெனியில் இன்று ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். கொடுத்தவள் மெர்ச்சண்டைசர் நிவேதிதா. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் பேசி ஆர்டர் கொண்டுவருவது அவள் வேலை. வந்த துணியைப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்வது என் வேலை. டென்மார்க் ஆர்டருக்காக மாதக் கடைசியில் ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அவர் துணியை மட்டும் பார்க்கமாட்டாராம். செக்கிங் டேபிளில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, இதற்கு என்ன பெயர், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பாராம். அதனால் நாங்கள் தினம் ஒரு வார்த்தையும் அதன் அர்த்தமும் எழுதிப் பழகவேண்டும்.

"பரிமளாக்கா, நீங்க இன்சார்ஜ். நீங்க எழுதுனாத்தான் மத்த பத்துப் பேரும் எழுதுவாங்க" என்றாள்.

பதினெட்டு வருஷமாக இந்த டேபிளில் நிற்கிறேன். கரூரில் இருந்து கப்பல் ஏறிய மேஜைவிரிப்பு, தலையணை உறை எத்தனை ஆயிரம் என் கைப்பட்டுப் போயிருக்கும்! எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள். சிரிப்புத்தான் வந்தது. சரி, எழுதிவிடுவோம்.

பாவு: தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற இழை. ஊடை: அதன் குறுக்கே போய்வருகிற இழை. பாவு அப்படியே நிற்கும், ஊடைதான் நடக்கும். வார்ப், வெஃப்ட் என்று நிவேதிதா சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த டைரியில் கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். மட்ட ரகம்.

ஜனவரி 3, வெள்ளி

பிக்: ஓர் அங்குலத் துணியில் எத்தனை ஊடை இழை இருக்கிறதோ அத்தனை பிக். டென்மார்க்காரர் கேட்பது டேபிள் நாப்கின், பிக் நாற்பத்தெட்டு. பிக் குறைந்தால் தறிக்காரருக்கு நூலும் நேரமும் மிச்சம், வாங்கினவருக்குக் கிடைப்பது சல்லடை. அதனால்தான் எண்ணுகிறோம். அங்குலச் சதுரத்தில் திறப்பு வைத்த ஒரு லென்ஸ் இருக்கிறது. அதைத் துணிமேல் வைத்து ஊசிமுனையால் இழை இழையாகத் தள்ளிக்கொண்டே எண்ணவேண்டும். ஒரு ரோலுக்கு மூன்று இடம். மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

மற்றவர்களுக்குத்தான் லென்ஸ். எனக்கு என் கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு தடவை உருட்டினால் நாற்பத்தாறா, நாற்பத்தெட்டா என்று சொல்லிவிடுவேன். பையர் யார் வந்தாலும் மேனேஜர் தியாகராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, துணியைக் கையில் கொடுத்து வேடிக்கை காட்டுவார். போன வருஷம் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா கையே தட்டிவிட்டாள்.

ஜனவரி 4, சனி

சோற்றில் கல். ஒன்றல்ல, மூன்று. வீட்டுக்காரர் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். அவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு வீட்டில் கல்லோடும் மல்லுக்கட்டு.

"ஏ புள்ள, அரிசிய பொடைச்சயா இல்லியா?"

"பொடைச்சுத்தானுங்க போட்டேன். இப்பல்லாம் கல்லையே அரிசிக் கலர்ல கலக்கறானுங்க."

கடையை மாற்றவேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

கரை: துணியின் இரண்டு ஓரமும். செல்வேஜ் என்பார்கள். கரை நேராக இல்லாத துணி உள்ளேயும் நேராக இருக்காது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு என் டேபிளுக்கு மேலே இன்னும் இரண்டு டியூப்லைட் போடச்சொன்னேன். ஏற்கெனவே ஆறு இருந்தது. மடிப்பு செக்ஷனிலிருந்து ருக்குமணி எட்டிப்பார்த்து, "என்ன பரிமளம், கல்யாண மண்டபமாட்ட ஜெகஜோதியா இருக்குது?" என்றாள்.

ருக்குமணியைப் பற்றி எழுதவேண்டும். அவளும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெங்கமேட்டிலிருந்து ஒரே பஸ், ஒரே சீட். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து டேபிளில் நின்றோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஜைவிரிப்பு ரோலில் பாவு இழை அறுந்து நீளக் கோடு விழுந்திருந்ததை அவள் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மறுவாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். நான் அப்போதுதான் இன்சார்ஜ் ஆகியிருந்தேன். "கண்ணாடி ஏறிருச்சுன்னா டேபிள விட்டு எறங்கிரணும். நீ மடிப்புக்குப் போயிரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கண்டிப்பு இல்லாமல் செக்கிங் நடக்காது. அன்றிலிருந்து அதுவே எங்கள் செக்ஷனின் சட்டமாகிவிட்டது. எழுதிவைக்காத சட்டம்தான், ஆனாலும் இதுவரை யாரும் மீறியதில்லை. ஏழு வருஷத்தில் கண்ணாடி போட்டவள் ஒருத்திகூட என் டேபிளில் நின்றது கிடையாது.

ருக்குமணிக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருஷம் காட்டாமலா இருந்திருப்பாள்? பஸ்ஸில் மட்டும் இப்போது முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்குக் காற்று வேண்டுமாம்.

ஜனவரி 8, புதன்

டென்மார்க் துணி வர ஆரம்பித்துவிட்டது. சின்னராசு என்பவரின் தறியிலிருந்து வருகிறது. மொத்தம் முப்பத்திரண்டு ரோல், இன்று நாலு. நிவேதிதா தானே லென்ஸ் வைத்து எண்ணிப்பார்த்தாள். நாற்பத்தெட்டு. சுருக்கம் பார்க்க ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினாள். நான் கையால் உருட்டிச் சொன்னதும் நாற்பத்தெட்டுதான். அவள் எண்ணி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

"எப்படிக்கா?" என்றாள்.

"பழக்கம் கண்ணு."

சுருக்கம்: துவைத்த பிறகு துணி எவ்வளவு குறுகுகிறது என்பது. நூற்றுக்கு ஐந்து வரைக்கும் பையர் பொறுத்துக்கொள்வார்.

ஜனவரி 10, வெள்ளி

மிச்சம் இருபத்தெட்டு ரோலும் ஒரே லாரியில் வந்து இறங்கியது. பொங்கலுக்குள் வெட்டுக்குப் போயாகவேண்டும். டென்மார்க் ரோல் எல்லாம் என் கையால்தான் பாஸ் ஆகவேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். ஒன்றரை நாள் வேலையை ஒரே நாளில் முடித்தேன். அந்தப் பாழாய்ப்போன லென்ஸில் தூசு ஏறிக் கிடக்கிறது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் மங்கல்தான். கை எதற்கு இருக்கிறது? உருட்டினேன். திக்கான துணி, நல்ல கனம். எல்லாம் நாற்பத்தெட்டு.

ரிஜிஸ்டரில் 48, 48, 47 என்று எழுதினேன். அடுத்த ரோலுக்கு 48, 47, 48. மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் எண்ணாமல் எழுதியதுபோலத் தெரியும்.

ஜி.எஸ்.எம்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு. வட்டக் கத்தியால் ஒரு வில்லை வெட்டி நிவேதிதா தராசில் வைத்தாள். எடையும் கச்சிதம். பிறகென்ன?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டேன். எதிர்வீட்டுக்காரி, "இதென்ன, ஒரு வரிசையில புள்ளி கூடிப்போச்சாட்ட இருக்குதே" என்றாள். மாவு சரியில்லை.

ஜனவரி 18, சனி

துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பதினெட்டாயிரம் நாப்கினும் மடிப்புக்குப் போய்விட்டது. பாதிக்குமேல் அட்டைப்பெட்டியிலும் அடுக்கியாகிவிட்டது. இருபத்தேழாம் தேதி இன்ஸ்பெக்ஷன்.

சாப்பாட்டு நேரத்தில் ருக்குமணி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தே ரொம்ப நாளாகிவிட்டது.

"பரிமளம், அந்த டென்மார்க்குத் துணி ரொம்ப வெறைப்பா இருக்குதே. மடிச்சா அப்பளமாட்ட நிக்குது."

"புதுத்துணி வெறைப்பாத்தான் இருக்கும்."

"மொத நாலு ரோல் துணி அப்படி இல்லியே."

"நாலு ரோல் ஒரு தறி. மிச்சம் வேற தறி. உனக்கு மடிக்கறதுதான வேல? மடி."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

கஞ்சி: தறியில் ஓடும்போது நூல் அறுந்துபோகாமல் இருக்கப் பூசுவது. அளவோடு பூசினால் நூலுக்குப் பலம். அளவுக்குமேல் ஏற்றினால் திருட்டு வேலை. இழை குறைந்த துணியும் கையில் கனமாக நிற்கும், தராசிலும் கனமாகக் காட்டும். விவரம் தெரியாத செக்கர் ஏமாந்துபோவாள். என் கையிடம் அது பலிக்காது.

ஜனவரி 20, திங்கள்

ருக்குமணி வேலை நேரத்தில் வம்புக்கு வந்தாள். தைக்கும்போது எண்ணெய்க் கறை பட்டு ஒதுக்கின நாப்கினைச் சோற்றுப் பாத்திரம் கட்ட வீட்டுக்கு எடுத்துப்போக எங்களுக்கு அனுமதி உண்டு. அப்படி ஒன்றை எடுத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். என் டேபிளில் அதை விரித்தாள். லென்ஸை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"எண்ணு."

"எல்லாம் எண்ணியாச்சு. ரிஜிஸ்டர்ல இருக்குது."

"ரிஜிஸ்டரு இருக்கட்டும். இத எண்ணு."

பக்கத்து டேபிளில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். குனிந்தேன். ஊசியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனேன். நிமிர்ந்து, "நாப்பத்தெட்டு" என்றேன்.

ருக்குமணி என் முகத்தையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஊசி துணிமேலயே இல்ல பரிமளம். டேபிள் மரத்துமேல ஓட்டிட்டு இருந்த."

நாப்கினை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேண்டாத வேலை.

இன்றைக்கு வார்த்தை ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று லீவு சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் காரணம் இல்லாமல் போட்ட முதல் லீவு.

ருக்குமணி விட்டுப்போன நாப்கினையும் லென்ஸையும் நேற்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாப்கினைக் கையில் எடுத்தேன். தொளதொளவென்று கிடந்தது. அவள் எதையாவது போட்டுத் துவைத்துக் கெடுத்திருப்பாள் என்று தோன்றியது. என்னிடமும் ஒரு கறை நாப்கின் இருந்தது, விறைப்பாக, புதுசாக. அதை வாளியில் ஊறவைத்தேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் பால்போல வெளுத்து, விரலில் பிசுபிசுத்தது. அலசிக் கொடியில் போட்டுக் காய்ந்ததும் பிடித்துப் பார்த்தால், அந்தப் பக்கம் நிற்கிற முருங்கைமரம் தெரிகிறது.

வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லென்ஸையும் குண்டூசியையும் கொடுத்து எண்ணச் சொன்னேன். வெல்டிங் பிடிக்கிற கை, ஊசி நழுவி நழுவி விழுந்தது. ஆனாலும் பொறுமையாக எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு."

"இன்னொருக்கா எண்ணுங்க."

"நாப்பத்தொண்ணுதான் புள்ள. பளிச்சுனு தெரியுதே. ஏன், உனக்குத் தெரியலயா?"

எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன். லென்ஸுக்குள் இழை இழையாக ஒன்றும் இல்லை, கலக்கின மோர் மாதிரி ஒரு வெள்ளைதான் இருக்கிறது. இன்று நேற்றல்ல, போன ஆடியிலிருந்தே அப்படித்தான். லென்ஸில் தூசு கிடையாது. டியூப்லைட்டில் குறை கிடையாது. அரிசிக் கடைக்காரன் நல்லவன்தான்.

அவர் என் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தெட்டு ரோலையும் கஞ்சியேற்றி நெய்து அனுப்பியிருக்கிறார்கள். நான் எண்ணாமல் பாஸ் செய்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்தால் விறைப்பையும் எடையையும் பார்த்துச் சரி என்று போய்விடவும் கூடும். துவைக்கப்போவது டென்மார்க்கில். அங்கே யாரோ ஒருத்தி முதல் தடவை துவைத்ததும் என் கையெழுத்துப் பல்லிளிக்கும். இப்போது நானே போய்ச் சொன்னால் இன்சார்ஜ் வேலை போகும். டேபிளும் போகும். கண் தெரியாதவள் என்று நானே ஒப்புக்கொண்ட பிறகு என் சட்டப்படியே நான் நிற்கமுடியாது.

"சொல்லாட்டி?" என்றேன்.

"சொல்லாட்டி வேல இருக்கும்" என்றார். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ அந்த ரிஜிஸ்டர்ல தெனமும் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பயமாக இருக்கிறது. வேலை போவதைவிட, மற்ற பத்துப் பேரும் பார்க்கிற பார்வையை நினைத்தால்தான் பயம். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 22, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பஸ்ஸில் ருக்குமணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சாருகிட்டப் போறேன். நீயும் வா" என்றேன். அவள் நகர்ந்து ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள்.

தியாகராஜன் சார் மேஜையில் துவைத்த நாப்கினையும் துவைக்காத நாப்கினையும் வைத்தேன். "சார், சின்னராசு அனுப்புன இருபத்தெட்டு ரோலும் நாப்பத்தெட்டு இல்ல. நான் எண்ணாமப் பாஸ் பண்ணிட்டேன். எனக்குக் கிட்டக்கப் பார்வை தெரியறதில்ல. ஆறு மாசமாச்சு. மறைச்சுட்டேன்" என்றேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. நிவேதிதாவைக் கூப்பிட்டார். அவள் எண்ணினாள், ருக்குமணியும் எண்ணினாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பெட்டிகளைப் பிரித்து வேறுவேறு இடத்திலிருந்து எடுத்தும் எண்ணினார்கள். முதல் நாலு ரோலில் தைத்தது மட்டும்தான் தேறியது.

"பதினெட்டு வருஷ சர்வீஸ் பரிமளம். நீயே இப்படின்னா நான் யாரை நம்புறது?" என்றார் சார். நாப்கினைக் கையில் உருட்டியபடி, "வர்றவங்ககிட்ட எல்லாம் உன் கைய வெச்சு வித்தை காட்டினவன் நான். என்னையும் சேர்த்துத்தான் திட்டணும்" என்றார்.

பையரிடம் உள்ளதைச் சொல்லி மூன்று வாரம் கேட்பது என்று முடிவானது. கொடுத்தாலும் கொடுப்பார், ஆர்டரையே ரத்து செய்தாலும் செய்வார். சின்னராசு தன் செலவில் திரும்ப நெய்து தரவேண்டும். ரோலுக்கு ரோல் துவைத்துப் பார்த்துத்தான் எடுப்பது.

"செக்கிங்குக்கு இன்சார்ஜ் யாரு?" என்றார் சார்.

"ருக்குமணி" என்றேன்.

ருக்குமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வரேனுங் சார். ஆனா கண்ணாடியோடதான் நிப்பேன். பரிமளத்த மடிப்புக்கு அனுப்பக் கூடாது. அவளும் கண்ணாடியப் போட்டுட்டு அதே டேபிள்ல நிக்கட்டும், எனக்குக் கீழ."

வெளியே வந்ததும் கேட்டேன். "முந்தாநேத்தே நீ நேரா சாருகிட்டப் போயிருக்கலாமே?"

"போலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்" என்றாள். "ஏழு வருசமா இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான் காத்துட்டு இருந்தேன் பரிமளம். பொய் சொல்ல மாட்டேன். வந்ததுக்கப்பறம் பாத்தா, எனக்கே புடிக்கல."

அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். தப்பாக எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

கண் டாக்டர் பார்த்தார். வெள்ளெழுத்து வந்து ரொம்ப நாளாயிற்றாம். இடது கண்ணில் புரையும் ஆரம்பித்திருக்கிறதாம், அதற்கு இப்போது அவசரம் இல்லையாம். "இத்தனை நாள் எப்படிம்மா ஊசியில நூல் கோத்தீங்க?" என்றார். நான் கோர்க்கவில்லை, வீட்டுக்காரர்தான் கோர்த்துக் கொடுத்தார் என்றேன்.

டென்மார்க்காரர் பிப்ரவரி இருபது வரைக்கும் நேரம் கொடுத்துவிட்டார். நாமே கண்டுபிடித்துச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்ததாம். ஆனால் ஒரு நிபந்தனை. செக்கர் ஒவ்வொருத்திக்கும் கண் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை கம்பெனியிலேயே முகாம்.

ஜனவரி 27, திங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு டேபிளில் நின்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை, நேராகவும் பார்க்கவில்லை. டென்மார்க் ரோலில் வெட்டினது போக மிஞ்சின துண்டு ஒன்றை விரித்து லென்ஸ் வைத்தேன். அடேயப்பா! ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, கயிறு மாதிரி. ஒரு நிமிஷத்தில் எண்ணி முடித்தேன். நாற்பத்தொன்று. இரண்டாவது இடம், நாற்பத்தொன்று. கையும் இருக்கிறது, இப்போது கண்ணும் இருக்கிறது. என்னை மிஞ்ச இந்தக் கரூரிலேயே ஆள் கிடையாது என்று தோன்றியது. ருக்குமணி வந்து நான் எண்ணினதை ஒரு தடவை எண்ணிப்பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். கொஞ்சம் சுருக்கென்றது. போடட்டும்.

பிப்ரவரி 1, சனி

இன்று கண் முகாம். கேன்டீனில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண். சாரும் ருக்குமணியும் பக்கத்தில் நின்றார்கள். முதலில் தூரப் பார்வை. அதில் எல்லாரும் பாஸ். பிறகு கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, அதிலிருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னாள். வளர்மதிதான் முதலில். அவளுக்கு இருபத்தாறு வயது, கடகடவென்று படித்தாள்: "கோடைக்காலத்தில் பறவைகளுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது நல்ல பழக்கம்." அடுத்தவளும் கடகடவென்று படித்தாள். மூன்றாமவளும் அப்படியே. என் செக்ஷன் ஆட்களுக்குக் கண் என்றால் கண்தான் என்று பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

நாலாவது ஷர்மிளா. வயது நாற்பத்துமூன்று, டேபிளில் எனக்கு அடுத்தபடி பழைய ஆள். அட்டையை வாங்கினாள். நிறுத்தாமல் படித்தாள்: "கோடைக்காலத்தில் பறவைகளுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது நல்ல பழக்கம்."

அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, நான் உங்களுக்குக் குடுத்தது பின்பக்கம். இதுல ரயில் பத்தி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஷர்மிளா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய உதடு இன்னும் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா ஷர்மிளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசங்க்கா."

"அப்பறம் எப்படித் துணி பாத்த?"

"உங்களாட்டத்தான். கையில உருட்டி." அழுதுவிட்டாள். "தெரிஞ்சா மடிப்புக்கு அனுப்பிருவீங்கன்னு சொல்லலீங்க்கா. ருக்குமணியக்காவ அனுப்புனப்ப நானும் அங்கதான நின்னுட்டு இருந்தேன்."

அட்டையைப் பக்கம் மாற்றி மாற்றிக் கொடுத்து, எல்லாருக்கும் முதலிலிருந்து பரிசோதனை செய்தார்கள். பத்துப் பேரில் ஐந்து பேருக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அதில் மூன்று பேருக்கு வருஷக்கணக்காகவே வேண்டியிருந்ததாம். ஐந்து பேர்! நல்ல கண் இருக்கிறவர்கள் மட்டும் நிற்கவேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் போட்டேன். கண் தெரியாததை மறைக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்து நிற்கவைத்திருக்கிறேன். அவர்களில் முதல் ஆள் நான்.

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ருக்குமணி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்தது. இது நான் சொல்லவேண்டியது.

வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டேன். பத்து முகமும் துல்லியமாகத் தெரிந்தன.

"கண்ணாடி போட்டா மடிப்புக்குப் போகணும்ங்கறது நான் போட்ட சட்டம். கம்பெனி போட்டதில்ல. இன்னையோட அது இல்ல. ஏழு வருசத்துக்கு முன்னால ருக்குமணிய டேபிள்ல இருந்து எறக்குனது தப்பு. அத எல்லாரு முன்னாலயும் செஞ்சது அதவிடத் தப்பு" என்றேன்.

ருக்குமணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லு பரிமளம். கடைசில நிக்கறவளுக்குக் கேக்கல."

முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னேன்.